ஹெட்ஃபோனில் கரகரப்பு, ஸ்பீக்கரில் மௌனம்: ஒலி வெளியீட்டு வன்பொருளை டிவைஸ் ட்ரீயில் சரியாக விவரிப்பது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குழு வடிவமைத்த ஓர் எம்பெடெட் பலகையில் இதுநாள்வரை சிப் தயாரிப்பாளர் கொடுத்த பழைய லினக்ஸ் கர்னலே ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒலிக்காக எங்கள் பலகைக்கென்றே எழுதப்பட்ட, ஏறத்தாழ 300 வரி கொண்ட மெஷின் டிரைவர் (பலகையின் ஒலிப் பாகங்களை ஒன்றிணைக்கும் நிரல்) ஒன்று உண்டு. இப்போது மெயின்லைன் கர்னலுக்கு, அதாவது லினக்ஸ் திட்டமே வெளியிடும் பொதுக் கர்னலுக்கு, மாறும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. அந்த சி நிரலை அப்படியே சுமந்துகொண்டு வராமல், பலகையில் உள்ளதை டிவைஸ் ட்ரீயில் (வன்பொருளைக் கர்னலுக்கு விவரிக்கும் தரவுக் கோப்பில்) விவரித்துவிட்டு, கர்னலில் ஏற்கெனவே உள்ள சிம்பிள் ஆடியோ கார்டு டிரைவரைக் கொண்டே வேலையை முடிக்க விரும்புகிறேன். மூன்று நாள்களாக முயன்றும் முழு வெற்றி கிட்டவில்லை.

பலகையின் அமைப்பு இதுதான். சிப்பின் ஐ2எஸ் (டிஜிட்டல் ஒலித் தடம்) கட்டுப்படுத்தியிலிருந்து, டிஜிட்டல் தரவை ஒலிச் சைகையாக மாற்றும் எஸ்ஜிடிஎல்5000 கோடெக்குக்கு ஒலித் தரவு செல்கிறது. கோடெக்கின் ரெஜிஸ்டர்களை ஐ2சி என்ற கட்டுப்பாட்டுத் தடம் வழியாக எழுதுகிறோம். கோடெக்குக்கான மாஸ்டர் கிளாக், பலகையிலேயே தனியாக உள்ள 24 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டரிலிருந்து வருகிறது. அது எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். கோடெக்கின் ஹெட்ஃபோன் வெளியீடு 3.5 மில்லிமீட்டர் ஜாக்குக்குச் செல்கிறது. லைன் வெளியீடு தனியாக உள்ள கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர் ஒன்றுக்குச் சென்று, அங்கிருந்து இரண்டு ஸ்பீக்கர்களுக்குப் போகிறது. அந்த ஆம்ப்ளிஃபயரை இயக்கவும் அணைக்கவும் சிப்பின் ஒரு ஜிபிஐஓ கால் (மென்பொருளால் உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய பின்) இணைக்கப்பட்டுள்ளது.

டிவைஸ் ட்ரீயில் சவுண்ட் கணுவை (கணு என்பது ஒரு சாதனத்துக்கான பதிவு) எழுதி, ஐ2எஸ் வடிவத்தைக் குறிப்பிட்டு, கோடெக்தான் பிட் கிளாக்கையும் ஃபிரேம் கிளாக்கையும் தரும் என்பதற்காகப் பிட்கிளாக்-மாஸ்டர், ஃபிரேம்-மாஸ்டர் என்ற இரண்டு பண்புகளையும் ஐ2சி கணுவின் கீழ் உள்ள கோடெக்கைச் சுட்டும்படி வைத்தேன். கார்டு பதிவாகிவிட்டது. ஆனால் ஒலிக்கோப்பை இசைக்கும் ஏபிளே கட்டளை உடனே தோற்றது. கர்னல் பதிவில், ஸ்லேவ் நிலையில் (கிளாக்கை வெளியிலிருந்து பெறும் நிலையில்) பிஎல்எல் (ஒரு கிளாக்கிலிருந்து வேறு அலைவெண்ணை உருவாக்கும் சுற்று) இயங்காது என்றும், மாஸ்டர் கிளாக் மாதிரி வீதத்தின் (விநாடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் என்பதன்) 256, 384 அல்லது 512 மடங்காக இருக்க வேண்டும் என்றும் செய்தி வந்தது. வேறொரு பலகையின் கோப்பைப் பார்த்து எம்கிளாக்-எஃப்எஸ் என்ற பண்பில் 256 என்று இட்டேன். அந்தச் செய்தி மறைந்தது, ஏபிளேயும் ஓடுகிறது. ஆனால் ஹெட்ஃபோனில் பாட்டுடன் சேர்ந்து கரகரவென்று இரைச்சலும் கேட்கிறது.

ஸ்பீக்கரில் எதுவுமே கேட்கவில்லை. ஒலிப் பாதையைச் சொல்லும் ரூட்டிங் பண்பில் லைன்_அவுட் என்று முதலிலும் ஸ்பீக்கர் என்று அடுத்தும் எழுதியிருக்கிறேன். ஆம்ப்ளிஃபயரின் ஜிபிஐஓவைக் கையால் உயர்த்தினால் ஸ்பீக்கரில் ஒலி வருகிறது, ஆனால் உயர்த்தும் கணத்தில் டப்பென்று பெரிய வெடிப்பொலி. டிவைஸ் ட்ரீயிலேயே காலின் நிலையைப் பிணைத்துவிடும் ஜிபிஐஓ ஹாக் முறையில் கர்னல் எழும்போதே உயர்த்திப் பார்த்தேன். அந்த வெடிப்பொலி அப்போது வந்தது, பிறகு எதையும் இசைக்காதபோதும் ஸ்பீக்கரில் மெல்லிய சீறல் நிற்கவேயில்லை.

பழைய மெஷின் டிரைவர் இவற்றையெல்லாம் எப்படியோ சரியாகச் செய்தது. கோடெக்கின் தொடக்க ஒலி அளவைக்கூட அதுவே அமைத்தது. இவை அனைத்தையும் டிவைஸ் ட்ரீயில் சொல்ல முடியுமா, அல்லது மீண்டும் ஒரு மெஷின் டிரைவர் எழுதத்தான் வேண்டுமா?

முதல் பதில்

வணக்கம். உங்கள் பலகைக்கு மெஷின் டிரைவர் தேவையில்லை. ஆனால் நீங்கள் கர்னலுக்குச் சொன்னவற்றில் இரண்டு செய்திகள் உண்மைக்கு மாறாக இருக்கின்றன. கரகரப்பு அவற்றிலிருந்துதான் வருகிறது. ஆம்ப்ளிஃபயர் பற்றி வேறு யாரேனும் விரிவாக எழுதுவார்கள் என்று நம்பி, நான் கிளாக் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்தப் பிழைச் செய்தியை மதிக்க வேண்டும். அது சரியாகவே சொன்னது. எஸ்ஜிடிஎல்5000 கோடெக், பிட் கிளாக்கை வெளியிலிருந்து பெறும் நிலையில் இருந்தால், அதன் மாஸ்டர் கிளாக் மாதிரி வீதத்தின் 256, 384 அல்லது 512 மடங்காக இருந்தே தீர வேண்டும். 48,000 ஹெர்ட்ஸுக்கு 256 மடங்கு 12.288 மெகாஹெர்ட்ஸ், 44,100 ஹெர்ட்ஸுக்கு 11.2896 மெகாஹெர்ட்ஸ். உங்கள் 24 மெகாஹெர்ட்ஸ் 48,000 ஹெர்ட்ஸின் சரியாக 500 மடங்கு. 44,100 ஹெர்ட்ஸுக்கோ முழு எண்ணாகக்கூட வகுபடாது. எனவே அந்த ஆஸிலேட்டருடன் இந்தக் கோடெக் ஒழுங்காக வேலை செய்ய ஒரே வழிதான் உண்டு: கோடெக் தன் உள்ளிருக்கும் பிஎல்எல்லைக் கொண்டு 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து தேவையான அலைவெண்ணைத் தானே உருவாக்கி, பிட் கிளாக்கையும் ஃபிரேம் கிளாக்கையும் சிப்புக்குத் தர வேண்டும். அந்த பிஎல்எல்லை டிரைவர் கோடெக் மாஸ்டராக இருக்கும்போது மட்டுமே பயன்படுத்துகிறது. உங்கள் வன்பொருள் வடிவமைப்பாளரும் இதை எண்ணித்தான் தனி ஆஸிலேட்டரை வைத்திருப்பார்.

நீங்களும் கோடெக்கே மாஸ்டர் என்றுதான் எழுதினீர்கள். பிறகு ஏன் கர்னல் அதை ஸ்லேவ் என்கிறது? சிம்பிள் ஆடியோ கார்டில் பிட்கிளாக்-மாஸ்டர் பண்பு சுட்ட வேண்டியது ஐ2சியின் கீழ் உள்ள கோடெக் சாதனத்தை அன்று. சவுண்ட் கணுவுக்குள்ளேயே கோடெக் என்ற பெயரில் ஓர் உட்கணு இருக்கிறதல்லவா, சவுண்ட்-டிஏஐ பண்பை ஏந்தியிருப்பது, அந்த உட்கணுவுக்கு ஒரு லேபிள் கொடுத்து அதைத்தான் சுட்ட வேண்டும். டிரைவர் அந்தச் சுட்டியை இந்த உட்கணுவுடன் மட்டும் ஒப்பிடுகிறது. இரண்டும் ஒன்றாக இல்லையென்றால், கோடெக் மாஸ்டர் அன்று என்று முடிவு செய்துகொண்டு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மேலே செல்கிறது. இந்த இடத்தில் தடுமாறாதவர்கள் குறைவு. நான் முதன்முதலில் இதில் சிக்கியபோது ஆஸிலோஸ்கோப்பைக் கொண்டு பிட் கிளாக் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்த பிறகே புரிந்தது: இரு பக்கமும் கிளாக்கை மற்றது தரும் என்று காத்திருந்தால் கோடு அசையாமல் தட்டையாகக் கிடக்கும், இரு பக்கமும் தர முயன்றால் அலையின் உயரம் பாதியில் நின்று நடுங்கும்.

இனி அந்த எம்கிளாக்-எஃப்எஸ். அதில் 256 என்று எழுதுவதன் பொருள், மாஸ்டர் கிளாக் எப்போதும் மாதிரி வீதத்தின் 256 மடங்காக மாறிக்கொண்டே இருக்கும் என்பதாகும். சிப்பே மாஸ்டர் கிளாக்கைத் தந்து, வீதத்துக்கேற்ப அதை மாற்றவும் வல்லதாயின் அது முற்றிலும் பொருத்தமான பண்பு. உங்களிடம் இருப்பதோ மாறாத 24 மெகாஹெர்ட்ஸ். நீங்கள் 256 என்று எழுதியதும் கோடெக் டிரைவர் தனக்கு 12.288 மெகாஹெர்ட்ஸ் வருவதாக நம்பி, கணக்கு சரியாக இருக்கிறதென்று பிழைச் செய்தியை நிறுத்திக்கொண்டது. உண்மையில் வருவதோ 24. சிப் அனுப்பும் ஃபிரேம் கிளாக்குக்கும் கோடெக்கின் உள் கிளாக்குக்கும் எந்த ஒத்திசைவும் இல்லாததால் மாதிரிகள் இடையிடையே தவறுகின்றன. நீங்கள் கேட்கும் கரகரப்பு அதுதான். அந்தப் பண்பை முற்றிலும் நீக்கிவிடுங்கள்.

அதற்குப் பதிலாக, ஆஸிலேட்டரை உள்ளது உள்ளபடி ஃபிக்ஸ்டு கிளாக் கணுவாக எழுதி, அலைவெண்ணை 24000000 என்று குறிப்பிட்டு, கோடெக்கின் ஐ2சி கணுவில் உள்ள கிளாக்ஸ் பண்பில் அதைச் சுட்டுங்கள். சிம்பிள் ஆடியோ கார்டு அந்த எண்ணை அங்கிருந்தே எடுத்துக் கோடெக் டிரைவருக்குத் தெரிவித்துவிடும். இந்தக் கோடெக்கில் கிளாக்ஸ் பண்பு இன்னொரு காரணத்துக்காகவும் இன்றியமையாதது: மாஸ்டர் கிளாக் ஓடாவிட்டால் இது ஐ2சியில்கூடப் பதில் சொல்லாது. உங்கள் ஆஸிலேட்டர் எப்போதும் ஓடுவதால் உங்களுக்கு அந்தச் சிக்கல் தெரியவில்லை. கிளாக்கைச் சிப்பிலிருந்து எடுக்கும் பலகைகளில் அந்தப் பண்பு விடுபட்டால், கோடெக்கே இறந்துவிட்டது என்று எண்ணி மக்கள் சிப்பைக் கழற்றி மாற்றும் அளவுக்குப் போயிருக்கிறார்கள்.

இரண்டாம் பதில்

ஆம்ப்ளிஃபயர் பக்கத்தை நான் எழுதுகிறேன். மேலே உள்ள பதிலில் கிளாக் பற்றிச் சொன்னதுதான் இங்கும் பொருந்துகிறது. உங்கள் டிவைஸ் ட்ரீயைப் பொறுத்தவரை பலகையில் ஆம்ப்ளிஃபயர் என்று ஒன்று இல்லவே இல்லை. இல்லாத ஒன்றைக் கர்னல் எப்படி இயக்கும்?

இதைப் புரிந்துகொள்ள, கர்னலின் ஏசாக் அடுக்கு (எம்பெடெட் பலகைகளின் ஒலியைக் கவனிக்கும் பகுதி) மின்சக்தியை எப்படிக் கையாள்கிறது என்று பார்க்க வேண்டும். டிஏபிஎம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பகுதி, ஒலிப் பாதையில் உள்ள ஒவ்வொரு பொருளையும், அதாவது டாக் (டிஜிட்டலை அனலாகாக்கும் பகுதி), மிக்சர், வெளியீட்டு ஆம்ப்ளிஃபயர், ஜாக், ஸ்பீக்கர் ஆகிய ஒவ்வொன்றையும் ஒரு விட்ஜெட்டாகக் கருதுகிறது. ஒரு முனையில் ஒலித் தரவு பாய்ந்துகொண்டிருக்க வேண்டும். மறுமுனையில் ஜாக் அல்லது ஸ்பீக்கர் போன்ற முடிவுப் புள்ளி இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே பாதை அறுபடாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் இடையில் உள்ள விட்ஜெட்டுகளுக்கு மின்சக்தி கிடைக்கும். ரூட்டிங் பண்பில் நீங்கள் எழுதுவது வெறும் பெயர்ப்பட்டியல் அன்று. பலகையின் செம்புத் தடங்களை நீங்கள் அங்கே வரைந்து காட்டுகிறீர்கள்.

அந்தப் பண்பில் சொற்கள் இணை இணையாக வரும். ஒவ்வோர் இணையிலும் முதலாவது ஒலியைப் பெறும் இடம், இரண்டாவது ஒலி புறப்படும் இடம். நம் மனம் இயல்பாக இடமிருந்து வலமாக, புறப்படும் இடத்திலிருந்து சேரும் இடத்துக்கு வாசிக்கப் பழகியிருப்பதால் இதைத் தலைகீழாக எழுதிவிடுவது எளிது. நீங்கள் எழுதியதன்படி ஸ்பீக்கரிலிருந்து லைன்_அவுட்டுக்கு ஒலி பாய்கிறது. கர்னல் அதை மறுக்காமல் ஏற்றுக்கொண்டுவிட்டது. அப்படியானால் ஜிபிஐஓவைக் கையால் உயர்த்தியபோது மட்டும் எப்படி ஒலி வந்தது என்று கேட்பீர்கள். கோடெக்கின் வெளியீட்டுக் காலுக்கு அப்பால் எதுவும் இணைக்கப்படவில்லையென்றால், அந்தக் காலையே முடிவுப் புள்ளியாக டிஏபிஎம் எடுத்துக்கொள்கிறது; ஆகவே கோடெக்கின் லைன் வெளியீடு தானாகவே உயிர்பெற்றது. அதற்கு அப்பால் இருப்பதைப் பற்றித்தான் கர்னலுக்கு எதுவும் தெரியவில்லை.

இப்போது ஆம்ப்ளிஃபயரை விவரிக்கலாம். சிம்பிள்-ஆடியோ-ஆம்ப்ளிஃபயர் என்ற பொதுவான டிரைவர் இதற்கென்றே இருக்கிறது. ரெஜிஸ்டர் ஏதும் இல்லாத, ஒரே ஒரு எனேபிள் கால் மட்டும் உள்ள உங்களுடையதைப் போன்ற ஆம்ப்ளிஃபயருக்கு அது போதும். ஒரு தனிக் கணு எழுதி, எனேபிள்-ஜிபிஐஓஸ் பண்பில் உங்கள் காலைக் குறிப்பிடுங்கள். ஆம்ப்ளிஃபயருக்குத் தனி ரெகுலேட்டர் மின்சாரம் தருகிறதென்றால் விசிசி-சப்ளை பண்பில் அதையும் சுட்டுங்கள். சவுண்ட்-நேம்-ப்ரிஃபிக்ஸ் பண்பில் ஆம்ப் என்று ஒரு முன்னொட்டு கொடுங்கள். ஒரே பெயரில் இரு கால்கள் வந்து குழம்பாமல் இருக்க அது உதவும். பிறகு சவுண்ட் கணுவின் ஆக்ஸ்-டெவ்ஸ் பண்பில் இந்தக் கணுவைச் சுட்ட வேண்டும். இந்தக் கடைசிப் படியை மறந்தால் ஆம்ப்ளிஃபயர் டிரைவர் எழும், ஆனால் கார்டுடன் சேராது.

ரூட்டிங்கை இனி இப்படி எழுதுங்கள். ஹெட்ஃபோன் ஜாக், எச்பி_அவுட்டிலிருந்து பெறுகிறது. ஆம்ப் ஐஎன்எல், ஆம்ப் ஐஎன்ஆர் ஆகிய இரண்டும் லைன்_அவுட்டிலிருந்து பெறுகின்றன. ஸ்பீக்கர், ஆம்ப் அவுட்எல்லிலிருந்தும் ஆம்ப் அவுட்ஆரிலிருந்தும் பெறுகிறது. ஹெட்ஃபோன் ஜாக், ஸ்பீக்கர் ஆகிய இரு பெயர்களையும் விட்ஜெட்ஸ் பண்பில் முன்னதாக அறிவித்திருக்க வேண்டும். அங்கே முதற்சொல் வகையையும் இரண்டாம் சொல் நீங்கள் வைக்கும் பெயரையும் குறிக்கும்.

வெடிப்பொலிக்கும் இதிலேயே தீர்வு இருக்கிறது. டிஏபிஎம் ஒரு பாதையை எழுப்பும்போது டாக்கை முதலிலும் வெளியீட்டு ஆம்ப்ளிஃபயரைப் பிறகும் எழுப்புகிறது. அணைக்கும்போது வெளியீட்டைத்தான் முதலில் அணைக்கிறது. சிம்பிள் ஆம்ப்ளிஃபயர் டிரைவரும் தன் முறை வந்து எழுப்பப்பட்ட பின்னரே ஜிபிஐஓவை உயர்த்தி, அணைக்கப்படுவதற்கு முன்னரே தாழ்த்திவிடுகிறது. எனவே கோடெக்கின் லைன் வெளியீடு சுழியத்திலிருந்து தன் நிலையான மின்னழுத்தத்துக்கு ஏறும்போது ஆம்ப்ளிஃபயர் உறங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் கேட்ட டப் என்ற ஒலி, அந்த ஏற்றத்தை ஆம்ப்ளிஃபயர் உண்மையான சைகை என்று எண்ணிப் பெருக்கிக் காட்டியதுதான். ஜிபிஐஓ ஹாக் எப்போதும் இதற்குத் தவறான கருவி, அதை எடுத்துவிடுங்கள்.

கால்களின் துருவம் பற்றி ஓர் எச்சரிக்கை. உங்கள் ஆம்ப்ளிஃபயரின் சுற்றுப்படத்தில் ஷட்டவுன் என்ற பெயருக்கு மேல் ஒரு கோடு இருந்தால், கால் தாழ்ந்திருக்கும்போது அது உறங்குகிறது என்று பொருள். டிவைஸ் ட்ரீயின் பண்போ எனேபிள் என்ற பொருளில் இருக்கிறது. தாழ்ந்தால் உறக்கம் என்றால் உயர்ந்தால் இயக்கம். ஆகவே ஆக்டிவ் ஹை என்றே எழுத வேண்டும். சுற்றுப்படத்தில் கோட்டைப் பார்த்தவுடன் ஆக்டிவ் லோ என்று எழுதிவிட்டு, இசைக்கும்போது மௌனமும் நிறுத்தியபின் சீறலும் கேட்பதாக எழுதும் நண்பர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். மேலும் அந்தக் காலில் தாழ்த்தும் ரெசிஸ்டர் ஒன்று பலகையில் இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் வந்த கணத்திலிருந்து கர்னல் எழும்வரை அந்தக் காலைத் தாழ்வாக வைத்திருப்பது அந்த ரெசிஸ்டர் மட்டுமே. அந்த இடைவெளியில் டிவைஸ் ட்ரீ எதுவும் செய்ய இயலாது.

மூன்றாம் பதில்

இருவரும் நன்றாக விளக்கியிருக்கிறார்கள். ஆயினும் மெஷின் டிரைவரே வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடுவது சரியாகாது என்று கருதுகிறேன். இதே போன்ற மாற்றத்தை நான் செய்தபோது என் பலகையில் இரண்டு ஆஸிலேட்டர்கள் இருந்தன: 44,100 ஹெர்ட்ஸ் குடும்பத்துக்கு ஒன்று, 48,000 ஹெர்ட்ஸ் குடும்பத்துக்கு ஒன்று. எந்த வீதத்தில் இசைக்கிறோமோ அதற்கேற்ப ஒரு ஜிபிஐஓவைக் கொண்டு இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிம்பிள் ஆடியோ கார்டில் அதைச் சொல்ல வழி தேடி ஒரு வாரத்தை இழந்தேன். இறுதியில் 150 வரி மெஷின் டிரைவர் எழுதியதும் அரை நாளில் முடிந்துவிட்டது. இன்னும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். கேள்வி கேட்ட நண்பரின் பலகையில் அந்தத் தேவை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒலி அளவு பற்றிய கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. அதை எங்கே வைப்பது?

முதல் பதிலை எழுதியவரின் மறுமொழி

உங்கள் இரண்டு ஆஸிலேட்டர் எடுத்துக்காட்டு நல்ல எடுத்துக்காட்டு. எனினும் இப்போது அதே பலகை என் கைக்கு வந்தால், ஜிபிஐஓவால் மாறும் கிளாக் மக்ஸ் ஒன்றை கிளாக் மரத்தின் ஓர் உறுப்பாக விவரித்து, வீதத்தைக் கேட்கும்போது அந்த மக்ஸே சரியான பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும்படி அமைக்க முயல்வேன். எம்கிளாக்-எஃப்எஸ் பண்பு பொருத்தமாக அமையும் இடம் அத்தகைய பலகைதான். அதுவும் முடியாதபோது, அல்லது பல கோடெக்குகள் ஒரே டிடிஎம் (நேரத்தைப் பங்கிட்டுப் பயன்படுத்தும்) தடத்தில் இருந்து ஒவ்வொன்றுக்கும் தனித்த தொடக்க வரிசை தேவைப்படும்போது, மெஷின் டிரைவர் எழுதுவதில் எந்தக் குற்றமும் இல்லை.

ஒலி அளவு டிவைஸ் ட்ரீயில் வரக் கூடாது. ஒருமுறை வெளியிட்ட டிவைஸ் ட்ரீ, ஆண்டுகள் கழிந்து வரும் புதிய கர்னலிலும் இயங்க வேண்டும் என்பது நெடுநாளாகக் காக்கப்பட்டுவரும் ஒப்பந்தம். இந்த வடிவமே ஓப்பன் ஃபர்ம்வேரிலிருந்து, அதாவது ஐஇஇஇ 1275 தரத்திலிருந்து வந்தது. வன்பொருளை விவரிப்பது இயக்க முறைமையைச் சாராமல் நிற்க வேண்டும் என்ற எண்ணம் அதன் வேரிலேயே இருக்கிறது. ஸ்பீக்கர் எந்தக் காலில் இணைந்திருக்கிறது என்பது பலகையை உருக்கினாலன்றி மாறாது. அது எத்தனை டெசிபெல் உரக்க ஒலிக்க வேண்டும் என்பது வாடிக்கையாளர் ஒருவர் குறை சொன்னால் நாளையே மாறும். முன்னது டிவைஸ் ட்ரீக்கு உரியது. பின்னதை, மிக்சர் அமைப்புகளைச் சேமித்து மீட்கும் அல்சாகன்ட்ரோல் கருவியின் சேமித்த நிலைக் கோப்பிலோ, பயன்பாட்டுக்கேற்ற ஒலி அமைப்புகளைச் சொல்லும் யூசிஎம் கோப்பிலோ வைத்து, கணினி எழும்போது மீட்டெடுப்பதே முறை.

ஹெட்ஃபோனைச் செருகினால் ஸ்பீக்கரை அணைக்க வேண்டும் என்ற எண்ணமும் உங்களுக்கு அடுத்து வரும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஜாக்கில் செருகலை உணரும் காலை எச்பி-டெட்-ஜிபிஐஓ பண்பில் குறிப்பிடுங்கள், அது வன்பொருள். பின்-ஸ்விட்ச்சஸ் பண்பில் ஸ்பீக்கர் என்று எழுதினால் ஸ்பீக்கர் பாதையை இயக்க, அணைக்க ஒரு மிக்சர் சுவிட்ச் கிடைக்கும். செருகியதும் அந்தச் சுவிட்சை அணைப்பதா, இரண்டிலும் ஒலிக்க விடுவதா என்ற முடிவைப் பயனர் தளத்தில் எடுங்கள். பலகையை ஓர் அறிவிப்புக் கருவியில் பொருத்தும்போது இரண்டிலும் ஒலி வேண்டும் என்று யாரேனும் கேட்கக்கூடும். அப்போது கர்னலைத் தொட வேண்டியிராது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றும் இன்றும் செய்தவற்றை வரிசையாக எழுதுகிறேன். இதே சிக்கலில் வருபவர்களுக்குப் பயன்படலாம்.

முதலில் லேபிளை மட்டும் மாற்றி, எம்கிளாக்-எஃப்எஸ் பண்பை வேண்டுமென்றே விட்டுவைத்துப் பார்த்தேன். கரகரப்பு முற்றிலும் நின்றது. ஆனால் பாட்டு மிக வேகமாக, கீச்சுக் குரலில் ஓடியது. 60 விநாடி நீளமுள்ள கோப்பு ஏறத்தாழ 31 விநாடியில் முடிந்துவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தபோது, கோடெக் தனக்கு வருவது 12.288 மெகாஹெர்ட்ஸ் என்று நம்பி, உண்மையில் வந்த 24 மெகாஹெர்ட்ஸை 256ஆல் வகுத்து 93,750 ஹெர்ட்ஸில் ஃபிரேம் கிளாக்கைத் தந்திருக்கிறது என்று புரிந்தது. 93,750ஐ 48,000ஆல் வகுத்தால் 1.95, 60 விநாடி 31 ஆனது அதனால்தான். அந்தப் பண்பை நீக்கியதும் பிஎல்எல் இயங்கத் தொடங்கி, 44,100, 48,000 இரண்டு வீதங்களிலும் ஹெட்ஃபோனில் தெளிவான ஒலி கிடைத்தது.

அடுத்து ஆம்ப்ளிஃபயர் கணுவையும் ரூட்டிங்கையும் எழுதி மீண்டும் எழுப்பியபோது கார்டே காணாமற்போனது. ப்ராக் கோப்பு முறைமையின் அசவுண்ட் பகுதியில் கார்டு எதுவும் இல்லை. கர்னல் பதிவிலும் பிழை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. பிழைதேடலுக்கான கோப்பு முறைமையான டீபக்எஃப்எஸ்ஸில் டிவைசஸ்_டிஃபர்டு என்ற கோப்பைத் திறந்தபோது சவுண்ட் கணு அங்கே காத்துக்கொண்டிருந்தது. கர்னல் அமைப்பில் சிம்பிள் ஆம்ப்ளிஃபயர் டிரைவரை இயக்க நான் மறந்திருந்தேன். ஆக்ஸ்-டெவ்ஸில் சுட்டிய சாதனம் வரும்வரை கார்டு முடிவின்றிக் காத்திருக்கிறது. அதை இயக்கியதும் கார்டு வந்தது, ஸ்பீக்கரில் ஒலியும் வந்தது, வெடிப்பொலி இல்லை.

ஒரே ஒரு ஐயம் எஞ்சியுள்ளது. பாட்டு முடிந்தபின் ஏறத்தாழ 5 விநாடிகள் ஸ்பீக்கரில் அந்த மெல்லிய சீறல் தொடர்ந்து, பிறகு நிற்கிறது. ஆம்ப்ளிஃபயரின் காலை அளந்தால் அது அத்தனை நேரமும் உயர்ந்தே இருக்கிறது. இது பிழையா?

இரண்டாம் பதிலை எழுதியவரின் மறுமொழி

பிழையன்று. இசை நின்றவுடன் பாதையை அணைத்து, அடுத்த பாட்டு தொடங்கியதும் மீண்டும் எழுப்பினால் ஒவ்வொரு முறையும் தாமதமும் சிறு ஒலிகளும் உண்டாகும் என்பதால், ஏசாக் அடுக்கு இயல்பாக 5,000 மில்லிவிநாடி காத்திருந்து அணைக்கிறது. இதைப் பிஎம்டவுன்_டைம் என்ற பெயரில் கார்டின் சிஸ்எஃப்எஸ் கணுவில் காணலாம். அங்கேயே மாற்றவும் முடியும். அறிவிப்புகளைத் தொடர்ச்சியாக இசைக்கும் கருவி என்றால் 5 விநாடியை அப்படியே விட்டுவிடுங்கள். மின்கலத்தில் ஓடும் கருவி என்றால் குறைக்கலாம். ஆனால் சுழியத்துக்குக் கொண்டுபோவதற்கு முன், குறுகிய இடைவெளிகளுடன் பத்துப் பதினைந்து கோப்புகளை அடுத்தடுத்து இசைத்து, ஒவ்வொன்றின் தொடக்கமும் வெட்டுப்படாமல் கேட்கிறதா என்று காதால் சோதியுங்கள்.

அதே சோதனையின்போது டீபக்எஃப்எஸ்ஸின் ஏசாக் கோப்புறைக்குள் உங்கள் கார்டின் டிஏபிஎம் கோப்புகளையும் திறந்து வையுங்கள். ஸ்பீக்கர் என்ற கோப்பில் இயங்கும் நிலையும், அதற்குள் வரும் பாதைகளின் எண்ணிக்கையும் வெளியே செல்லும் பாதைகளின் எண்ணிக்கையும் தெரியும். உள்ளே வரும் எண்ணிக்கை சுழியமாக இருந்தால் ரூட்டிங்கில் எங்கோ ஓர் இணை தலைகீழாக இருக்கிறது என்று பொருள்.

நான்காம் பதில்

தாமதமாக வருவதற்குப் பொறுத்தருளுங்கள். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். உங்கள் பலகையின் அடுத்த பதிப்பில் எச்டிஎம்ஐ வெளியீடும் வருமானால், ஆடியோ கிராஃப் கார்டு என்ற மற்றொரு பொது டிரைவரைப் பாருங்கள். படத்துக்காக ஏற்கெனவே போர்ட், எண்ட்பாயிண்ட் என்ற வடிவில் எழுதப்பட்ட எச்டிஎம்ஐ சாதனத்தின் மீது ஒலி இணைப்பையும் அதே வடிவில் இயல்பாகச் சேர்த்துவிடலாம். இப்போதுள்ள ஒரே ஒரு கோடெக்குக்கு சிம்பிள் ஆடியோ கார்டே போதுமானது, மாற்றத் தேவையில்லை.

கோடெக்கே கட்டுப்பாட்டுத் தடம் இல்லாததாக இருக்கும் பலகைகளைப் பற்றியும் இந்த இடத்திலேயே எழுதுகிறேன், ஏனெனில் தேடி வருபவர்களில் பலர் அந்த நிலையில் இருப்பார்கள். பிசிஎம்5102ஏ, மேக்ஸ்98357ஏ போன்றவற்றுக்கு ஐ2சி கிடையாது. ஐ2எஸ் தடத்தில் வருவதை அப்படியே ஒலியாக்குகின்றன. ரெஜிஸ்டர் இல்லையே, எதற்கு டிரைவர் என்று எண்ணி, எஸ்பிடிஃப் (ஒரு டிஜிட்டல் ஒலி இணைப்பு) அனுப்பிக்கான கணுவைப் போலிக் கோடெக்காக வைத்து வேலையை முடித்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஒலி வரும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சிப் எந்தெந்த வீதங்களை ஏற்கும், எத்தனை பிட் ஏற்கும் என்ற செய்தி கர்னலுக்குப் போய்ச் சேராது. இரண்டு சிப்களுக்கும் மெயின்லைனில் தனி டிரைவர்கள் இருக்கின்றன. மேக்ஸ்98357ஏயின் டிரைவரில் எஸ்டிமோட்-ஜிபிஐஓஸ் என்ற பண்பும், ஐ2எஸ் கிளாக்குகள் நிலைபெறும்வரை அந்தக் காலை உயர்த்தாமல் காத்திருக்க எஸ்டிமோட்-டிலே என்ற பண்பும் உண்டு. ஸ்பீக்கர் வெடிப்பொலியைத் தவிர்ப்பதற்காகவே அது சேர்க்கப்பட்டது. போலிக் கோடெக்கை வைத்தவருக்கு அந்த வசதி கிடைக்காது.

கேள்வி கேட்டவர்

அடுத்த பதிப்பில் எச்டிஎம்ஐ திட்டத்தில் இல்லை. எனவே சிம்பிள் ஆடியோ கார்டுடனேயே நிறுத்திக்கொள்கிறேன். பிஎம்டவுன்_டைமை 1,000 மில்லிவிநாடியாகக் குறைத்து, 15 குறும் கோப்புகளை அடுத்தடுத்து இசைத்துப் பார்த்தேன். எதன் தொடக்கமும் வெட்டுப்படவில்லை. ஸ்பீக்கர் விட்ஜெட்டின் உள்வரும் எண்ணிக்கை சுழியமாக இல்லை. டிவைஸ் ட்ரீயை அதன் விதிகளுடன் ஒப்பிடும் டிடிபிஎஸ் சோதனையை ஓட்டியபோது ஆம்ப்ளிஃபயர் கணுவில் ஒரு பண்பின் பெயரைப் பிழையாக எழுதியிருந்ததும் வெளிப்பட்டது: விசிசி-சப்ளை என்பதைச் சிறிய எழுத்துகளில் எழுதியிருந்தேன், பைண்டிங்கிலோ (பண்புகளை வரையறுக்கும் ஆவணத்தில்) விசிசி பெரிய எழுத்துகளில் உள்ளது. எங்கள் பலகையில் அந்த ரெகுலேட்டர் எப்போதும் இயங்குவதால் ஒலியில் வேறுபாடு தெரியாமல் இருந்திருக்கிறது. அதையும் திருத்திவிட்டேன். பழைய 300 வரி மெஷின் டிரைவரை எங்கள் களஞ்சியத்திலிருந்து நீக்கும் பேட்ச் இன்று மதிப்பாய்வுக்குச் சென்றிருக்கிறது.